வீட்டில் இருப்பதை வைத்து ஒரு சைனீஸ்

ஜூன் 2, திங்கள்

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிண்டின மாதிரி இருக்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

வலது மணிக்கட்டு முறிந்திருக்கிறது. முழங்கை வரை மாவுக்கட்டு. புறவாசல் துவைகல் பக்கம் பாசி வழுக்கிவிட்டது. பக்கத்து வீட்டு சண்முகவடிவு ரசம் கொண்டுவந்தாள். உப்பில்லை. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

ஜூன் 4, புதன்

மருமகள் இலக்கியா பெங்களூரிலிருந்து வந்துவிட்டாள். மகன் வாசகனுக்கு லீவு கிடைக்கவில்லையாம். இவளுக்குக் கம்பெனியில் கொஞ்ச நாளைக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு பை துணி, இரண்டு பை கம்ப்யூட்டர் சாமான்.

ஜூன் 6, வெள்ளி

எழுத்து கொஞ்சம் தெளிந்திருக்கிறது. கூடுதலாக எழுதலாம்.

கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் இந்தப் பெண் என்னோடு சேர்ந்தாற்போல் நாலு நாள் இருந்ததில்லை. நெய்வேலிக்காரி. வாசகன் விரும்பிக் கட்டிக்கொண்டான். நான் மறுப்பு சொல்லவில்லை. சந்தோஷப்பட்டேன் என்றும் சொல்ல மாட்டேன். மரியாதையான பெண்தான். ஆனால் என்னிடம் பேசும்போது ஆபீஸில் மேலதிகாரியிடம் பேசுகிற மாதிரியே பேசுவாள்.

இன்று சாம்பார் வைத்தாள். பருப்பு தனியாக, தண்ணீர் தனியாக, காய் ஒரு மூலையில். சாப்பிடும்போது அவளே, “அத்தை, இது நல்லா இல்லதானே?” என்றாள்.

“பரவால்ல.”

“உண்மையைச் சொல்லுங்க அத்தை.”

“நல்லா இல்ல.”

அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாளையங்கோட்டையில் உலகம்மாள் வைக்கிற சொதி என்றால் கல்யாண வீட்டுக்காரர்கள் தேங்காயை வாசலில் இறக்கிவிட்டு, பால் பிழிந்து கொதிக்கவிடுகிறவரை காத்துக்கிடப்பார்கள். அந்த உலகம்மாள் இன்று தண்ணீர்ச் சாம்பாரை ஸ்பூனால் சாப்பிட்டாள். அதுவும் இடது கையால்.

ஜூன் 9, திங்கள்

மத்தியானம் ஒரு மணி. அவள் காதில் மாட்டுகிற சாதனத்தோடு பேசிக்கொண்டே அடுக்களைக்கு வந்தாள். குளிர்பெட்டியைத் திறந்து எட்டிப் பார்த்தாள். நேற்று வடித்த சோறு, பாதி முட்டைக்கோஸ், ஒரு கேரட், பத்துப் பன்னிரண்டு பீன்ஸ். என் இரும்புக் கடாயை அடுப்பில் வைத்துப் புகை வருகிறவரை காயவிட்டாள். நான் எழுந்து வந்துவிட்டேன், எதுவோ கருகுகிறது என்று நினைத்து.

“அப்படித்தான் காயணும் அத்தை. இல்லேன்னா சோறு குழைஞ்சிடும்.”

பூண்டைத் தட்டிப் போட்டாள். காய்களைப் போட்டு விடாமல் கிளறினாள். சோறு, மிளகுத்தூள், உப்பு, பையிலிருந்து எடுத்த ஒரு கறுப்புக் குப்பியிலிருந்து நாலு சொட்டு. அது சோயா சாஸாம். ஊரிலிருந்து வரும்போதே எடுத்து வந்திருக்கிறாள். பத்து நிமிஷத்தில் தட்டு முன்னால் வந்துவிட்டது.

“நீ முதல்ல சாப்பிடு. நான் பொறவு சாப்பிடுதேன்” என்றேன். எப்போதும் எல்லாரும் சாப்பிட்டபின்தான் எனக்கு.

“இது ஆறினா சாப்பிடவே முடியாது அத்தை. சேர்ந்து உக்காருங்க.”

உட்கார்ந்தேன். சோற்றைத் தாளித்துவிட்டு அதற்கு ஃப்ரைடு ரைஸ் என்று ஒரு பேர். பசியாக இருந்ததால் சாப்பிட்டேன். இரண்டாம் முறை போட்டுக்கொண்டதும் பசியினால்தான்.

ஜூன் 12, வியாழன்

காலையில் மிஞ்சின இட்லியை நான் மாட்டுக்குப் போடச் சொன்னேன். அதை அவள் சதுரமாக நறுக்கி எண்ணெயில் முறுகவிட்டு, வெங்காயம், பச்சைமிளகாய், தக்காளி சாஸ் போட்டுப் பிரட்டினாள். இட்லி மஞ்சூரியன் என்றாள்.

சண்முகவடிவு வந்து எட்டிப் பார்த்து, “என்ன மதினி, வீட்டுல தள்ளுவண்டிக் கடை வாசம் வருது?” என்றாள்.

“பிள்ளை ஏதோ பண்ணுதா” என்றேன்.

அவளுக்கு ஒரு கிண்ணத்தில் கொடுத்தோம். கிண்ணத்தை உடனே திருப்பிக் கொடுத்தாள், காலியாக. அப்புறமும் நின்றுகொண்டிருந்தாள். தள்ளுவண்டி என்று சொன்ன வாய்க்கு இரண்டாவது கிண்ணம் எதற்கு? கொடுக்கவில்லை. மிச்சத்தை நானே சாப்பிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

இரண்டு நாளாகச் சாரல். குற்றாலத்துக் காற்று இங்கே வரை வருகிறது. சளி பிடித்தமாதிரி இருந்தது.

இலக்கியா சூப் வைத்தாள். சோள மாவு வேண்டுமாம், வீட்டில் இல்லை. அலமாரியெல்லாம் உருட்டி, நான் எப்போதோ வயிற்றுக்கோளாறுக்கு வாங்கிவைத்த கூவைக்கிழங்கு மாவைக் கண்டுபிடித்தாள். “இது கெட்டியாகுமா அத்தை?” என்று கேட்டாள். ஆகும் என்றேன். வினிகருக்குப் பதில் எலுமிச்சை. மிளகு தாராளமாக. முட்டைக்கோஸ் மெலிசாக.

முதல் வாயிலேயே மூக்கு திறந்துவிட்டது.

அவளுக்கு நடுவில் ஆபீஸ் கூட்டம். கம்ப்யூட்டரை அடுக்களை மேடையிலேயே வைத்துக்கொண்டு பேசினாள். மைக்கை அணைக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது. நான் அடுக்களை வாசலிலிருந்து, “ஏட்டி, சூப் பொங்குது, அடுப்பைச் சிம்முல வை!” என்று கத்தியது பெங்களூர் முழுக்கக் கேட்டிருக்கிறது. அவளுடைய மேலதிகாரி ஒரு கன்னடத்து அம்மாள். என்ன சூப் என்று விசாரித்தாளாம். மீட்டிங் முடிந்து இலக்கியா நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் கட்டுக்குள் வலிக்கிறது.

பெற்ற மகளைக் கூப்பிடுகிற மாதிரி ‘ஏட்டி’ என்று கூப்பிட்டதை அவள் கவனித்தாளா தெரியவில்லை.

ஜூன் 21, சனி

ஒன்று எனக்குப் புரியவில்லை. இந்தப் பெண் எதையும் ஒரே மாதிரி இரண்டு தடவை செய்வதில்லை.

“நேத்து பண்ணுனதுதான நல்லா இருந்துச்சு. அதே மாதிரி ஏன் பண்ணல?”

“நேத்து இருந்த குடமிளகாய் இன்னைக்கு இல்லையே அத்தை.”

“அப்ப வாங்கிட்டு வந்து பண்ணணும்.”

“வாங்கப் போனா நாப்பது நிமிஷம். எனக்கு மீட்டிங்குக்கு நடுவுல கிடைக்கிறது இருபது. இருக்கிறதை வெச்சுத்தான். ஹாஸ்டல்ல நாங்க மூணு பேர், ஒரே ஒரு அடுப்பு, ஒரு சட்டி. அதுல பழகினது.”

எங்கள் அம்மா வைத்த சொதியில் எத்தனை முருங்கைக்காய்த் துண்டு போடுவாளோ அத்தனைதான் நானும் போடுவேன். ஒரு துண்டு குறைந்தால் எனக்கு மனசு ஆறாது. இவள் இன்று பூசணிக்காயைப் போட்டு நூடுல்ஸ் செய்தாள். பூசணிக்காய்! நன்றாகவே இல்லை. இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். “இனிமே இது வேண்டாம்” என்றாள். அவ்வளவுதான். ஒரு வருத்தமும் இல்லை அவளுக்கு. நானாக இருந்தால் ஒரு வாரம் புலம்பியிருப்பேன்.

ஜூன் 25, புதன்

இலக்கியா அவள் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஒட்டுக் கேட்கவில்லை. ஜன்னல் திறந்திருந்தது.

“இல்லம்மா, இங்க முட்டை புழங்க மாட்டாங்க. அத்தைக்குப் பழக்கமில்ல. எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல, நீ சும்மா இரு. ... ஆமா, ஃப்ரைடு ரைஸ்ல முட்டை இல்லேன்னா எனக்கு ஏதோ கொறையுற மாதிரிதான் இருக்கும். அதுக்காக? அவங்க வீடும்மா இது.”

அவங்க வீடு.

ஜூன் 26, வியாழன்

இன்று ஒரு காரியம் செய்தேன். அதை எழுதப் போவதில்லை. எங்கள் அம்மா இருந்தால் என்னைப் புறவாசலில் நிறுத்தித் தலையில் தண்ணீர் ஊற்றியிருப்பாள்.

ஜூன் 27, வெள்ளி

“அத்தை, புறவாசல் அலமாரியில முட்டை இருக்கு.”

“இருக்கா?”

“ஆறு இருக்கு.”

“பால்காரன் மறந்து வச்சுட்டுப் போயிருப்பான்.”

“பால்காரர் எதுக்கு அத்தை முட்டை கொண்டு வர்றாரு?”

“எனக்கென்ன தெரியும். கெட்டுப் போறதுக்கு முன்னால யாராவது தின்னுத் தீக்கணும். பக்கத்துல ஒரு பழைய தோசைச்சட்டி கிடக்கும், அதை வச்சுக்கோ. என் கடாயில மட்டும் போட்ராத.”

அவள் வந்து என் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. “போ, மீட்டிங் இருக்கும் உனக்கு” என்றேன்.

முட்டை பொரிகிற வாசனை அப்படி ஒன்றும் மோசமில்லை.

ஜூன் 30, திங்கள்

இப்போதெல்லாம் எனக்கும் அடுக்களையில் வேலை உண்டு. முட்டைக்கோஸை அரிவாள்மனையில் நறுக்க முடியாது. ஆனால் கிழிக்கலாம். மாவுக்கட்டால் அழுத்திக்கொண்டு இடது கையால் ஒவ்வொரு இதழாகக் கிழித்தேன். “கிழிச்சாத்தான் அத்தை ஓரம் முறுகும், நறுக்கினதைவிட நல்லாருக்கும்” என்கிறாள். என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாள் என்று நினைத்தேன். சாப்பிட்டுப் பார்த்தால் உண்மைதான்.

ஜூலை 3, வியாழன்

இலக்கியாவின் கம்பெனியிலிருந்து தகவல் வந்திருக்கிறது. எல்லோரும் இருபத்தொன்றாம் தேதியிலிருந்து ஆபீஸுக்கே வர வேண்டுமாம். இவளுக்குப் பதவி உயர்வும் வருகிறதாம், ஒரு குழுவுக்கே இவள்தான் பொறுப்பு. சொல்லும்போது முகம் விளக்குப் போட்டமாதிரி இருந்தது.

“அதுக்குள்ள கட்டைப் பிரிச்சிருவாங்க. நீ கவலைப்படாத” என்றேன்.

கீரைக்காரி வந்தாள். சிறுகீரை வாங்கினேன். கீரையை என்ன சைனீஸ் பண்ணுவாள் என்று பார்க்கலாம்.

ஜூலை 4, வெள்ளி

பூண்டைப் பொன்னிறமாக வறுத்து, கீரையை ஒரு வதக்கு, ஒரு சொட்டு சாஸ். அருமை. கீரையைக் கடையத்தான் வேண்டும் என்று யார் சொன்னது?

ஜூலை 8, செவ்வாய்

கை வலிக்க வலிக்க எழுதுகிறேன், எழுதாவிட்டால் மறந்துபோகும்.

இன்று நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டம். அம்பாசமுத்திரத்திலிருந்து என் நாத்தனார் நாச்சியார் மதினி குடும்பத்தோடு தேர் பார்க்க வந்திருக்கிறாள். வருவதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹோட்டலில் எல்லாம் கூட்டம், உட்கார இடமில்லை என்று மத்தியானம் நேராக இங்கே வந்துவிட்டார்கள். வேன் கதவு திறந்தது. இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். மதினி, அவள் புருஷன், இரண்டு மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் ஒரு கூட்டம்.

“உலகு, கை எப்படி இருக்கு? பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்” என்றாள் மதினி. அவள் கண் என் கையைப் பார்க்கவில்லை, அடுக்களைப் பக்கம் பார்த்தது.

வீட்டில் சோறு எங்கள் இரண்டு பேருக்குத்தான். காய் என்றால் ஒரு முட்டைக்கோஸ், நாலு கேரட், வெங்காயம். எங்கள் கல்யாணத்திலிருந்து மதினி என் சமையலில் குறை கண்டுபிடிக்க முயற்சி செய்து தோற்றவள். இன்று அவளுக்குப் பொன்னான நாள்.

இலக்கியா என்னை அடுக்களைக்குள் இழுத்தாள். “அத்தை, அலமாரியில அரிசிச் சேவை பாக்கெட் நாலு இருக்கு. நூடுல்ஸ் பண்ணிடலாம்.”

“மதினிக்கு நூடுல்ஸா? ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாளே.”

“சாப்பிட்டப்புறம் சிரிக்கட்டும்.”

ஆரம்பித்தோம். நான் கிழித்தேன், அவள் நறுக்கினாள். சேவையை வெந்நீரில் போட்டு வடித்து எண்ணெய் தடவி வைத்தாள். பாதியில் “ஐயோ” என்றாள். சாஸ் குப்பி காலி. தலைகீழாகக் கவிழ்த்து உள்ளங்கையால் தட்டுகிறாள், ஒரு சொட்டு விழுகிறது.

“அந்த சாஸ் என்ன ருசி? சொல்லு.”

“உப்பு. கொஞ்சம் இனிப்பு. கொஞ்சம் புளிப்பு மாதிரி. கறுப்பா இருக்கும்.”

“கருப்பட்டி கறுப்புத்தான?”

அவள் கண் விரிந்தது. உடன்குடிக் கருப்பட்டி ஒரு துண்டைத் தட்டி, கெட்டிப் புளித்தண்ணீரில் போட்டு, உப்பும் மிளகும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சச் சொன்னேன். அளவு எனக்கும் தெரியாது. வாழ்நாளில் முதல் தடவை அளவு தெரியாமல் ஒன்றைச் செய்தேன். அவள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். இன்னொரு தடவை தொட்டு வைத்தாள். பிறகு என் தோளைப் பிடித்து உலுக்கினாள். கை முறிந்தவள் என்பதையே மறந்துவிட்டாள்.

பெரிய கடாயில் இரண்டு தடவையாகக் கிளறினாள். புகையும் சத்தமுமாக அடுக்களை திருவிழா மாதிரி இருந்தது. பிள்ளைகள் வாசலில் வந்து நின்றுகொண்டார்கள். வடித்து வைத்த சோற்றை ஃப்ரைடு ரைஸ் ஆக்கினாள், கூவைக்கிழங்கு மாவில் சூப் வைத்தாள்.

மதினி தட்டைப் பார்த்து, “இதென்ன, சைனாக்காரன் சாப்பாடா? சைவமா?” என்றாள்.

“சுத்த சைவம் மதினி. கருப்பட்டி போட்டது” என்றேன்.

“கருப்பட்டியா?” முகத்தைச் சுளித்துக்கொண்டே வாயில் வைத்தாள். மென்றாள். அவள் புருஷன் மூன்றாம் தடவை தட்டை நீட்டியபோது, “சுகர் இருக்கு உங்களுக்கு” என்று அதட்டிவிட்டு, அவர் தட்டில் விழ வேண்டியதைத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

போகும்போது வேனில் ஏறி உட்கார்ந்து, “உலகு, மருமகளுக்குக் கைமணம் இருக்கு, குடுத்துவச்சவ நீ” என்றாள். மதினி வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. கல்யாணத்தன்றுகூட “பொண்ணு கறுப்பு” என்றுதான் சொன்னாள், என்னை.

எல்லோரும் போனபின் கடாயில் ஒட்டியிருந்ததை நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து சுரண்டிச் சாப்பிட்டோம். ஒரே கடாயில்.

ஜூலை 10, வியாழன்

கட்டைப் பிரித்தார்கள். கை மெலிந்து, தோல் உரிந்து, யாருடையதோ மாதிரி இருக்கிறது. விரல்களை முழுக்க மடக்க முடியவில்லை. டாக்டர் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். இன்னும் இரண்டு மூன்று மாதத்துக்குக் குடம் தூக்கக் கூடாது, மாவாட்டக் கூடாது, தேங்காய் துருவக் கூடாது, இட்லிக் கொப்பரையைத் தொடவே கூடாது.

அப்படியென்றால் சமையல்? ஆட்டோவில் வரும்போது இருவரும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.

ஜூலை 11, வெள்ளி

வாசகன் போன் பண்ணினான். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் இலக்கியா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே வந்தது அவனுக்குத் தெரியாது.

“டாக்டர் சொன்னதைக் கேட்டல்ல? அம்மாவைத் தனியா விட முடியாது. நீ ஒரு வருஷம் வேலையை விட்டுட்டு அங்க இரேன். உனக்குத் திரும்ப வேலை கிடைக்காமலா போகும்?”

“இப்பத்தான் வாசு டீம் கொடுக்கிறாங்க. நாலு வருஷமா அதுக்காகத்தான்...”

“அப்ப அம்மா?”

இலக்கியா மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். என்னைப் பார்த்ததும் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மத்தியானம் செய்த நூடுல்ஸில் உப்பு கூடிவிட்டது. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். சண்முகவடிவிடம் சொன்ன அதே குரலில் சொல்லிவிட்டேன் போல. அவள் தலை குனிந்து சாப்பிட்டாள்.

ஜூலை 12, சனி

அவள் இருந்தால் எனக்கு நல்லதுதான். அதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது. காலையில் எழுந்ததும் ஒரு குரல் கேட்கிறது. வீட்டில் ஒரு புகை, ஒரு சத்தம், ஒரு சிரிப்பு. ஒரு வருஷம்தானே. இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஒரு மனசு சொல்கிறது. அவன் சொன்னான், நான் சொல்லவில்லையே என்றும் சொல்கிறது.

விரல் பயிற்சி செய்தேன். கட்டைவிரல் மோதிரவிரலைத் தொட்டுவிட்டது.

ஜூலை 14, திங்கள்

இலக்கியாவைச் சாமான் வாங்க டவுனுக்கு அனுப்பினேன். “மெதுவா வா, கோவிலுக்கும் போயிட்டு வா” என்றேன்.

அவள் தெருமுனை தாண்டியதும் அடுக்களைக்குள் போனேன். மாவாட்டக் கூடாது, சரி. தேங்காய் கூடாது, சரி. கொப்பரை கூடாது. இவள் செய்கிற சமையலில் இதெல்லாம் எங்கே இருக்கிறது? ஒரு கடாய், ஒரு கரண்டி. கிழிக்கிற காய் கிழித்தால் போதும்.

முதல் தடவை. சேவை வெந்நீரில் கூடுதலாகக் கிடந்து கூழாகிவிட்டது. கடாயில் போட்டதும் அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டது. இடது கையால் கிளறினால் கடாய் சுற்றுகிறது. பாதி மேடையில், பாதி தரையில். சண்முகவடிவு கருகல் வாசம் பிடித்து ஓடி வந்தாள்.

“மதினி! என்ன பண்ணுதிய?”

“சைனீஸ்.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பூசணிக்காய் நூடுல்ஸ் அன்றைக்கு இலக்கியா சொன்னமாதிரி, “இனிமே இது வேண்டாம்” என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் வழித்துக் கொட்டினோம். சண்முகவடிவு யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். அவள் சத்தியம் சனிக்கிழமை வாசகன் வருகிறவரை தாங்கும். அது போதும்.

ஜூலை 16, புதன்

இலக்கியா கதவைச் சாத்திக்கொண்டு நீளமாக ஒரு மீட்டிங்கில் இருந்தாள். இன்று சோற்றை எடுத்தேன். கடாயின் காதை வலது கையால் பிடிக்க முடியவில்லை, ஈரத்துணியை மடித்து அடியில் கொடுத்தேன், ஆடாமல் நின்றது. புகை வந்தபின்தான் போட்டேன். கிளறக் கிளற, கரண்டி சொன்னபடி கேட்டது. இடது கைக்கு வேறு பழக்கமே இல்லாததால் இதைத்தான் சமையல் என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ.

ருசி பார்த்தேன்.

யாரும் பார்க்கவில்லை. அடுப்பு முன்னால் நின்றுகொண்டு ஒரு கும்மி அடித்தேன். ஒரு கையால் எப்படிக் கும்மி அடிப்பது? தொடையில் தட்டிக்கொண்டேன்.

ஜூலை 19, சனி

காலை ரயிலில் வாசகன் வந்தான். என் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். பாசமான பிள்ளைதான். அதை நான் எங்கேயும் சொல்வேன். ஆனால் வந்ததிலிருந்து இலக்கியாவிடம் சரியாகப் பேசவில்லை. அவளும் பேசவில்லை.

“இன்னைக்கு நீ அடுக்களைக்கு வராத” என்று இலக்கியாவிடம் சொன்னேன். அவளையும் அவனையும் கூடத்தில் உட்காரவைத்துவிட்டுக் கதவை ஒருக்களித்துக்கொண்டேன்.

ஃப்ரைடு ரைஸ். பூண்டு போட்ட கீரை. கருப்பட்டிச் சாஸில் பிரட்டின பனீர். மூன்று தட்டு. ஒவ்வொன்றாகத்தான் கொண்டுவர முடிந்தது.

வாசகன் பசியில் வேகமாகச் சாப்பிட்டான். பாதியில் நிமிர்ந்து, “இலக்கியா, இது பிரமாதம். கடையில கூட இப்படி வராது” என்றான். சமாதானத்துக்குச் சொன்னமாதிரியும் இருந்தது.

“நான் பண்ணல” என்றாள் அவள். அவள் கண் என் மேலேயே இருந்தது.

“பின்ன?”

“நான் பண்ணுனேன்” என்றேன். “இந்தக் கையால.” இடது கையைத் தூக்கிக் காட்டினேன்.

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். “அம்மா, உனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்? டாக்டர் என்ன சொன்னாரு?”

“மாவாட்டாத, தேங்கா துருவாத, கொப்பரை தூக்காதன்னாரு. இதுல எது இருக்கு? பத்து நிமிஷ வேலை. காய் என்ன இருக்கோ அது. ஒண்ணுமில்லையா, சோறும் பூண்டும். நான் பட்டினி கிடக்க மாட்டேன். அதனால எனக்காக யாரும் வேலையை விட வேண்டாம்.”

வாசகன் இலக்கியாவைத் திரும்பிப் பார்த்தான்.

“அம்மா, ஒரு நாள் பண்ணலாம். தினமும்...”

“உனக்கு அம்மா மேல அக்கறை இருக்கா இல்லையா?”

“என்னம்மா இப்படிக் கேக்கே?”

“இருக்குல்லா? அப்ப மாசத்துல ரெண்டு நாள் நீ வா. நீ வந்து எனக்கு ஆக்கிப் போடு. அவ எதுக்கு வேலையை விடணும்? நான் பெத்தது உன்னையா, அவளையான்னு யோசிச்சுப் பாரு.”

இலக்கியா புரையேறிச் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “நான் வேலையை விட மாட்டேன்னு இன்னைக்கு சொல்லிடணும்னு இருந்தேன் அத்தை. நைட்டெல்லாம் யோசிச்சு வெச்சிருந்தேன். நீங்க முந்திட்டீங்க.”

“ரெண்டு பேரும் சேந்து பேசி வச்சுட்டீங்களா?” என்றான் வாசகன், பாவமாக.

“பேசவே இல்ல” என்றோம் இருவரும் ஒரே நேரத்தில்.

அவன் தட்டைப் பார்த்தான். “இன்னும் கொஞ்சம் இருக்கா?” என்று கேட்டான்.

சாயங்காலம் அவனை வெங்காயம் நறுக்கவைத்தோம். ஒரு வெங்காயத்துக்கு அவ்வளவு அழுகை. நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்து வேலை சொன்னோம். அவன் செய்த நூடுல்ஸ் கயிறாக இருந்தது. மூவரும் தின்று தீர்த்தோம். “உனக்கு வயசிருக்கு, பழகிருவ” என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

சாயங்கால ரயில். ஸ்டேஷனுக்கு நானும் போனேன். வாசகன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். இலக்கியா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கம்பிக்கு வெளியே கையை நீட்டினாள். மெலிந்த என் வலது கையைக் கொடுத்தேன். என் விரல்களை முழுக்க மடக்கி அவள் கையைப் பிடிக்க முடிந்தது.

“அத்தை, அடுத்த மாசம் நாலு நாள் சேர்ந்தாப்ல லீவு வருது. வரட்டுமா?”

“உன் வீட்டுக்கு வரதுக்கு என்கிட்ட எதுக்குக் கேக்க?”

அவள் ஏதோ பதில் சொன்னாள், ரயில் ஊதியதில் கேட்கவில்லை. வாசகனும் கை காட்டினான். கடைசிப் பெட்டி போகிறவரை நின்றேன்.

ஆட்டோக்காரர், “யாரு, மகளாம்மா?” என்று கேட்டார். ஆமா என்றேன். ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

வீடு சத்தமில்லாமல் இருந்தது. சண்முகவடிவு, நான் திண்டாடுவேன் என்று நினைத்தோ என்னவோ ஒரு தூக்கில் ரசம் கொண்டுவந்து நின்றாள். “உள்ள வா” என்றேன். “ரசத்தை நாளைக்கு வச்சுக்கிடலாம்.” குளிர்பெட்டியைத் திறந்து எட்டிப் பார்த்தேன். கால் முட்டைக்கோஸ், இரண்டு பீன்ஸ், மத்தியானச் சோறு, மேல்தட்டில் வாடின கொத்தமல்லி.

நிறைய இருக்கிறது. அவளைக் கோஸ் கிழிக்கச் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.